லிப்போபுரதத்தில் பிஎச்.டி. செய்யலாமா, அதில் இனி என்ன மிச்சம்?

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடிக்கப் போகிறேன். பிஎச்.டி.க்கு இரண்டு இடத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று புற்றுநோய் செல்களின் சிக்னலிங் பற்றிய பெரிய ஆய்வகம், ஆளும் கருவியும் நிறைய. இன்னொன்றில் மொத்தமே நாலு பேர். லிப்போபுரத லைப்பேஸ் (ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதத் துகள்களில் உள்ள கொழுப்பை உடைப்பது) என்ற ஒரே நொதியோடு அந்தப் பேராசிரியர் இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். என் மனசு இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்: ப்ராஜெக்டுக்காக ஆறு மாதம் பிளாஸ்மாவைச் சுழற்றிப் பிரித்ததில், அந்தக் குழாய்க்குள் தெரியும் அடுக்குகள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

ஆனால் யாரிடம் கேட்டாலும் ஒரே பாட்டுதான். "கொலஸ்ட்ராலா? அதைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்து வந்தாச்சு, நோபல் கொடுத்தாச்சு, நீ போய் என்ன கண்டுபிடிக்கப் போகிறாய்?" என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒருபடி மேலே போய், கல்லறையில் வேலைக்குச் சேரப் போகிறாயா என்றே கேட்டுவிட்டான்.

இந்தத் துறை நிஜமாகவே முடிந்துபோனதா? ஒருவர் முப்பது வருடம் இதிலேயே இருந்தால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்? இதில் இருந்தவர்கள், இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "உன் மனசு சொல்வதைக் கேள்" வகை அறிவுரை மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே ஏராளமாகக் கிடைக்கிறது.

பழையரோட்டர் எழுதியது:

கல்லறை என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வருடம் அதே கல்லறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தம்பியோ தங்கையோ, கேட்டுக்கொள்.

முதலில் உன் நொதி. 1943-இல் ஹான் என்பவர் கொழுப்பு உணவு கொடுத்த நாய்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைச் செலுத்தினார். பால் மாதிரி கலங்கியிருந்த பிளாஸ்மா தெளிந்துபோனது. தெளிய வைத்தது எது என்று 1955-இல் எட்வர்ட் கார்ன் காட்டினார், லிப்போபுரத லைப்பேஸ் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். சரி, நொதி கிடைத்தாயிற்று, கதை முடிந்தது என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்த நொதி உற்பத்தியாவது கொழுப்புச் செல்லிலும் தசைச் செல்லிலும். அது வேலை செய்வதோ ரத்த நுண்குழாயின் உள்சுவரில். நடுவில் நுண்குழாயின் செல் அடுக்கே நிற்கிறது, அதைத் தாண்டி எப்படிப் போகிறது? செல்லின் மேலுள்ள ஹெப்பாரன் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டிக்கொள்கிறது என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும், நாங்களும் அதையே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். 2007-இல்தான் ஜிபிஐஎச்பிபி1 என்ற சின்னப் புரதம் இல்லாத சுண்டெலிகளின் பிளாஸ்மா பால் மாதிரி இருப்பதைப் பார்த்தார்கள். அந்தப் புரதம்தான் நொதியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் உள்சுவரில் நிறுத்துகிறது என்பது அப்புறம் தெரிந்தது. ஹானின் நாய்களிலிருந்து எண்ணினால் 64 வருடம். ஒரு நொதி தன் வேலை இடத்துக்கு எப்படிப் போகிறது என்ற ஒற்றைக் கேள்விக்கு!

நான் சேர்ந்தது 1987-இல். கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காகப் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் நோபல் கொடுத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, அதே 1987-இல் ஸ்டேட்டின்களில் முதலாவதாக லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உன் தோழன் சொன்னதை அப்போது என்னிடம் ஐந்தாறு பேர் சொன்னார்கள். அதே வருடத்தில்தான் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. அப்போ பி என்ற புரதத்தைக் கல்லீரல் முழு நீளத்தில் செய்கிறது, 4,536 அமினோ அமிலங்கள். குடல் செய்வதோ அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, அதனால்தான் அதற்கு அப்போ பி-48 என்று பெயர். இரண்டுக்கும் மரபணு ஒன்றே. குடலில் ஆர்என்ஏவின் ஒரே ஒரு எழுத்து, சி என்பது யூ ஆக மாற்றப்படுகிறது, சிஏஏ என்று இருந்தது யூஏஏ ஆகி "இங்கே நிறுத்து" என்று அர்த்தமாகிவிடுகிறது. மரபணுவில் எழுதியிருப்பதைச் செல் நடுவழியில் திருத்துகிறது என்று பாலூட்டிகளில் முதலில் காட்டியது மரபியல்காரர்கள் இல்லை, கொழுப்பைத் தூக்கிச் சுமக்கும் ஒரு புரதத்தின் பின்னால் போனவர்கள். கல்லறையிலிருந்து வந்த செய்தி அது.

பிரவுன், கோல்ட்ஸ்டைன் செய்த சோதனையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு "எல்டிஎல் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள்" என்ற ஒரு வரிதான் தெரியும். (எல்டிஎல் என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள், ஏற்பி என்பது அதைப் பிடிக்கும் செல் மேற்பரப்புப் புரதம்.) பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் எகிறும் நோயின் கடுமையான வகை உள்ளவர்களின் தோல் செல்களைத் தட்டில் வளர்த்தார்கள். சாதாரண செல்லுக்கு எல்டிஎல் கொடுத்தால் அது தானே கொலஸ்ட்ரால் செய்வதை நிறுத்திக்கொள்கிறது. நோயாளியின் செல் நிறுத்தவில்லை, கொலஸ்ட்ரால் செய்ய உதவும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் நொதி பல மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. நொதிதான் கெட்டுப்போயிருக்கிறது என்றுதானே யாருக்கும் தோன்றும்? அவர்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் கொலஸ்ட்ராலை ஆல்கஹாலில் கரைத்து நேரடியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளியின் செல்லும் சாதுவாக நிறுத்திவிட்டது! அப்படியென்றால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, எல்டிஎல்லை உள்ளே விடும் வாசலில்தான் கோளாறு. பிறகு கதிரியக்க அயோடின் ஒட்டிய எல்டிஎல்லை வைத்து அந்த வாசலை 1974-இல் காட்டினார்கள். நடுவில் இருக்கும் அந்த ஆல்கஹால் சோதனையை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன்.

சரி, வாசல் கிடைத்தது, முடிந்ததா? 2003-இல் பிரான்சில் சில குடும்பங்கள். அதே நோய், ஆனால் ஏற்பியின் மரபணுவில் கோளாறு இல்லை, அப்போ பியிலும் இல்லை. பிசிஎஸ்கே9 என்ற, அதுவரை யாரும் சட்டை செய்யாத ஒரு புரதத்தில் இருந்தது. அது ஏற்பியைப் பிடித்துக்கொண்டு திரும்ப மேலே வரவிடாமல் அழிவுக்கு அனுப்புகிறது. டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் கேள்வியைத் தலைகீழாகப் போட்டார்கள்: இந்தப் புரதம் வேலை செய்யாதவர்கள் யார்? 2006-இல் வந்த அவர்கள் பேப்பரில், அப்படிப்பட்ட மாற்றம் உள்ள கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதயநோய் ஆபத்து 88 சதவீதம் குறைவு. 2015-இல் அதற்கு எதிரான ஊசிமருந்துகள் வந்துவிட்டன. பன்னிரண்டே வருடம்.

கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டாய். என் சொந்தக் கதை அவ்வளவு பளபளப்பாக இருக்காது. இரண்டாம் வருடம், பொட்டாசியம் புரோமைடு போட்டு அடர்த்தியை 1.063-க்குக் கொண்டுவந்து, நிமிடத்துக்கு 40,000 சுற்றில் ஓர் இரவு முழுக்கச் சுழற்றினேன். காலையில் குழாயின் மேல்பகுதியில் எல்டிஎல் அழகான ஆரஞ்சு மஞ்சள் பட்டையாக நின்றது. (நீ பிரியம் என்றது இதைத்தானே?) அதை டயாலிசிஸ் பையில் கட்டி உப்பு நீக்கப் போட்டேன், தாங்கல் கரைசலில், உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவைப் போட மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் நிறம் வெளுத்துக் கிடந்தது. என் கைடு திட்டுவார் என்று பயந்து ஒரு நாள் முழுக்கச் சொல்லாமல் இருந்தேன். அவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நிறம் எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார். தண்ணீரில் இருந்த சொற்பத் தாமிரமே எல்டிஎல்லை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டது. முதலில் அதிலுள்ள வைட்டமின் ஈ தீர்ந்துபோகிறது, அப்புறம் நிறம் கொடுக்கும் கரோட்டினாய்டுகள், அவை தீர்ந்த பிறகு கொழுப்பு அமிலங்கள் கெட ஆரம்பிக்கின்றன. அந்த வரிசையை அளந்தே என் ஆய்வேடு எழுதப்பட்டது. நாங்கள் எழுதி முடிப்பதற்குள் வேறு குழு முந்திக்கொண்டது தனிக்கதை. அதைவிட மோசம் பிறகு வந்தது. வைட்டமின் ஈ மாத்திரை கொடுத்தால் மாரடைப்பு குறையும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம், பெரிய சோதனைகளில் குறையவே இல்லை. பத்து வருட நம்பிக்கை. குழாயில் நடப்பது தமனிச் சுவரில் அப்படியே நடப்பதில்லை, அவ்வளவுதான்.

வருத்தமா என்றால், இருந்தது. இப்போது இல்லை.

மருந்துக்கம்பெனிக்காரன் எழுதியது:

அம்மா சொன்னதெல்லாம் சரி, ஆனால் வெற்றிக் கதைகள் கொஞ்சம் தூக்கலாக இருக்கின்றன. நான் மறுபக்கம் சொல்கிறேன்.

டோர்செட்ராபிப் என்று ஒரு மருந்து. எச்டிஎல்லைக் கூட்டும். "நல்ல கொலஸ்ட்ரால்" என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம், சிஇடிபி என்ற புரதத்தை அடைத்தால் எச்டிஎல் ஏறும், ஏறினால் இதயம் பிழைக்கும் என்று கணக்கு. சுமார் 15,000 பேரை வைத்துச் சோதனை. எச்டிஎல் 72 சதவீதம் ஏறியது, எல்டிஎல் 25 சதவீதம் இறங்கியது, காகிதத்தில் இதைவிட நல்ல ரிப்போர்ட் இருக்க முடியாது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகமாக இறந்தார்கள். 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஆல்டோஸ்டெரோன் ஹார்மோனையும் கூட்டியது பின்னால் தெரிந்தது. சரி, அது அந்த மூலக்கூறின் கோளாறு என்று சொல்லிப் பார்த்தார்கள். 2012-இல் வந்த மரபியல் ஆய்வு அந்த ஆறுதலையும் பறித்தது: பிறவியிலேயே எச்டிஎல் கூடுதலாக இருக்க வைக்கும் ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவே இல்லை. அதாவது எச்டிஎல்லின் அளவு ஓர் அடையாளம், காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது. நான் ஐந்து வருடம் எச்டிஎல் வேலை பார்த்தவன். ஒரு வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் ப்ராஜெக்ட் மூடப்பட்டது, திங்கட்கிழமை வேறு மாடியில் வேறு நாற்காலி.

மூன்றாம்பெஞ்ச், நீங்கள் சேரும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அங்கே எந்த விலங்கை வைத்து வேலை செய்கிறார்கள்? சுண்டெலிக்கு சிஇடிபியே கிடையாது. அதன் ரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி எச்டிஎல்லில்தான் போகிறது, நமக்கு எல்டிஎல்லில். மனிதக் கல்லீரல் செய்யாத அப்போ பி-48-ஐச் சுண்டெலியின் கல்லீரல் செய்கிறது. சுண்டெலியில் அருமையாக வேலை செய்தது என்று யாராவது சொன்னால், எந்தச் சுண்டெலி, என்ன மாற்றம் செய்தது என்று கேட்காமல் நகராதீர்கள்.

இதற்கு எதிர் உதாரணமும் உண்டு. அகிரா எண்டோ ஜப்பானின் சாங்க்யோ கம்பெனியில் 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைத் தேடி, ஒரு பெனிசிலியத்திலிருந்து காம்பாக்டின் என்ற ஸ்டேட்டினை எடுத்தார். அதை எலிகளுக்குக் கொடுத்தால் கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. எலியின் கல்லீரல், அந்த மருந்து தடுக்கும் ரிடக்டேஸ் நொதியையே இன்னும் கூடுதலாகச் செய்து ஈடுகட்டிவிட்டது. அங்கேயே கைவிட்டிருப்பார்கள். முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், இறங்கியது, நாய்களிலும் இறங்கியது. எலியை மட்டும் நம்பியிருந்தால் ஸ்டேட்டின் எத்தனை வருடம் தள்ளிப்போயிருக்குமோ.

ரிப்போர்ட்அக்கா எழுதியது:

நான் ஆராய்ச்சிக்காரி இல்லை, மருத்துவமனை ஆய்வகத்தில் லிப்பிடு ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிறவள். "முடிந்துபோன துறை" என்று சொல்பவர்கள் ஒரு நாள் என் மேஜைக்கு வரட்டும்.

பெரும்பாலான ரிப்போர்ட்டில் எல்டிஎல் என்று வரும் எண் அளந்தது இல்லை, கணக்குப் போட்டது. ஃப்ரீட்வால்ட் குழுவின் 1972 சூத்திரம்: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்த எண்ணையும் கழி. அவ்வளவுதான். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அது செல்லாது என்று அந்தப் பேப்பரிலேயே இருக்கிறது. எல்டிஎல் ரொம்பக் குறைவாக இருக்கும்போதும் தடுமாறும். புது மருந்துகள் வந்த பிறகு 30, 40 என்று எல்டிஎல் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், அவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கை எவ்வளவு நம்புவது? புதிய சூத்திரங்கள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எல்டிஎல் மாதிரியே இன்னொரு துகளான எல்பி(ஏ)யின் கதை இதைவிடச் சங்கடம். நார்வேயில் கோரே பெர்க் 1963-இல் கண்டுபிடித்தது. அதன் புரதத்தில் ஒரே மாதிரித் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும், எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் எடையில் அளப்பதா, எண்ணிக்கையில் அளப்பதா என்பதே சண்டை. மில்லிகிராமில் வந்த ரிப்போர்ட்டை நானோமோலுக்கு மாற்றித் தரச் சொல்லி டாக்டர்கள் போன் செய்வார்கள், ஒரே பெருக்கலில் மாற்ற முடியாது என்று வாரம் ஒருமுறையாவது விளக்குகிறேன்.

அப்புறம் ஒன்று. போன மாதம் ஒரு மாதிரி வந்தது, சிரிஞ்சிலேயே வெள்ளை. ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் நிற்க வைத்தேன், காலையில் மேலே கெட்டியாக ஆடை, கீழே ஓரளவு தெளிவு. குடலிலிருந்து உணவுக் கொழுப்பைச் சுமந்து வரும் கைலோமைக்ரான் மேலே மிதந்து நின்றுவிட்டது. கருவியெல்லாம் வருவதற்கு முன்பிருந்தே செய்கிற சோதனை, செலவே இல்லை. உங்கள் நொதியோ அதன் கூட்டாளிப் புரதங்களில் ஒன்றோ வேலை செய்யாதவராக இருக்கலாம், மரபணுச் சோதனைக்கு எழுதியிருக்கிறோம். இப்படிப்பட்டவர்களுக்குக் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். அவர்களிடம் போய் "உங்கள் துறையில் எல்லாம் கண்டுபிடித்தாயிற்று" என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

நேர்பேச்சு எழுதியது:

எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். பிஎச்.டி. முடித்த பிறகு வேலை? நாலு பேர் ஆய்வகத்தில் உபகரணம் பழுதானால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பெரிய ஆய்வகத்தில் சேர்ந்தால் குறைந்தது ஐந்து பேப்பரிலாவது பெயர் வரும். நான் சின்ன ஆய்வகத்தில் ஆறரை வருடம் கழித்தவன், எங்கே என்று சொல்லப் போவதில்லை. கைடு நல்லவர்தான், ஆனால் நிதி நின்றுபோய் கடைசி ஒன்றரை வருடம் சம்பளமில்லாமல் ஓட்டினேன். துறை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள், ஆய்வகம் உயிரோடு இருக்குமா என்று கேளுங்கள்.

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. அந்த ஆல்கஹால் சோதனையை நான் படித்ததே இல்லை, எங்களுக்கும் அந்த ஒற்றை வரிதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

நேர்பேச்சு அண்ணா, நீங்கள் சொன்னதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பழையரோட்டர் அம்மா, அவரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? "உங்களிடம் பணம் இருக்கிறதா" என்று முகத்துக்கு நேராகக் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டாரா? விலங்கு விஷயம் விசாரித்தேன், சுண்டெலிதான், ஜிபிஐஎச்பிபி1 மாற்றம் செய்த வகை. கூடவே நோயாளிகளின் பிளாஸ்மாவும் வருகிறதாம்.

பழையரோட்டர் எழுதியது:

நேர்பேச்சு சொன்னதை நான் மறுக்க மாட்டேன். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கும் அப்படி நடந்திருக்கிறது, நானும் அதற்கு ஒரு காரணம்.

தாராளமாகக் கேள். நிதி எந்த வருடம்வரை இருக்கிறது என்று கேட்டால் தப்பாக நினைப்பவரிடம் சேரவே வேண்டாம். கைடிடம் மட்டும் கேட்காதே, கடைசியாக அங்கிருந்து வெளியே போன இரண்டு பேரைக் கண்டுபிடித்துப் பேசு. எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர் பேப்பரை எத்தனை நாளில் திருத்திக் கொடுப்பார், இந்த மூன்று போதும். என் கைடு ஒரு வரைவை ஒன்பது மாதம் மேஜையில் வைத்திருந்தார், முந்திக்கொண்ட அந்தக் குழு ஏன் முந்தியது என்று இப்போது புரிகிறதா?

சுண்டெலியோடு மனித பிளாஸ்மாவும் வருகிறது என்றால், அது நல்ல சேதி. சுண்டெலியில் பார்த்ததை அதே வாரம் மனித மாதிரியில் சரிபார்க்கலாம், அந்த வசதி எனக்குப் பாதி வருடங்கள் கிடைக்கவில்லை. நோயாளி மாதிரிகள் எந்த ஒப்புதலோடு வருகின்றன, எவ்வளவு நேரத்தில் வந்து சேருகின்றன என்பதையும் விசாரி. வழியில் வெதுவெதுப்பாக நின்ற பிளாஸ்மாவில் நொதிகள் சும்மா இருக்காது, டிரைகிளிசரைடு உடைந்து கொழுப்பு அமிலம் ஏறிவிடும், அப்புறம் நீ அளப்பது நோயை இல்லை, பயணத்தை.

பெரிய ஆய்வகம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கே போனாலும் குறையில்லை.

மருந்துக்கம்பெனிக்காரன் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. லிப்போபுரத லைப்பேஸைத் தடுக்கும் ஏஎன்ஜிபிடிஎல்3 என்ற புரதத்துக்கு எதிரான மருந்து 2021-இல் அனுமதி பெற்றிருக்கிறது, எல்டிஎல் ஏற்பியே வேலை செய்யாதவர்களுக்கும் அது எல்டிஎல்லைக் குறைக்கிறது. உங்கள் நொதிக்கு வெளியே வேலை இல்லை என்று யாரும் பயமுறுத்த முடியாது. இந்தப் பக்கம் ஆள் எடுக்கிறார்கள், ஆனால் பிளாஸ்மாவைக் கையால் தொட்டுப் பழகிய ஆட்கள் கிடைப்பதில்லை.

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

வெளியே போன இருவரில் ஒருவரிடம் நேற்று பேசினேன். ஐந்தரை வருடம் ஆனதாம். பேப்பரை மூன்று வாரத்தில் திருத்திக் கொடுப்பாராம், ஆனால் சிவப்பு மையில் முழுவதையும் அடித்துவிட்டு. நிதி இன்னும் மூன்று வருடத்துக்கு இருக்கிறது, அதற்குப் பிறகுள்ள காலத்துக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் எப்படி என்று கேட்டேன். "ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் மாறினால் பயப்படாதே, அதற்கு அது பழக்கம்" என்றார். புதன்கிழமை நேரில் போகிறேன், ஈடிடிஏ பாட்டில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவைத்துக்கொள்வேன்.